சமாதானம் பேசியவர்களும் பிணை நின்றவர்களும்: இடைக்கால ஐரோப்பா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர் என்றதும் கிரெசி, புவாத்தியே, அஜின்கூர் என்று போர்க்களப் பெயர்கள் வரிசையாக வரும். அந்தப் போர்களுக்கு இடையில் உட்கார்ந்து பேசியவர்கள் யார், பேசியது நிலைக்கும் என்று தலை கொடுத்தவர்கள் யார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கீழே உள்ள கேள்விகள் 1100 முதல் 1475 வரையிலான காலத்தை, பெரும்பாலும் இங்கிலாந்து–பிரான்ஸ் விவகாரத்தை ஒட்டியவை. 1360-இல் எழுதப்பட்ட பிரெத்தினி ஒப்பந்தத்துக்கு அடிக்கடி திரும்பி வருவேன். பேச்சு, சத்தியம், பணம், பணயக்கைதி, கடைசியில் முறிவு என்று எல்லாமே அந்த ஒரே ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அப்போது தூதரகங்கள் இருந்தனவா?

இல்லை. வெளிநாட்டு அரசவையில் வீடெடுத்துத் தங்கி மாதாமாதம் கடிதம் எழுதும் நிரந்தரத் தூதர் என்பவர் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் தலைகாட்டுகிறார். அதற்கு முன்பு வேலை வந்தால் ஆள் போவார், முடிந்தால் திரும்பிவிடுவார்.

போனவர்களிலும் இரண்டு வகை. ஒருவர் வெறும் செய்தியாளர். அரசர் சொன்னதை அப்படியே போய்ச் சொல்வார், பதிலை வாங்கிக்கொண்டு வருவார். பொலோஞ்ஞா நகரத்துச் சட்ட ஆசிரியர் அசோ இவரைச் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பறவையோடு ஒப்பிட்டார். இன்னொருவர் அதிகாரம் பெற்ற பிரதிநிதி. அரசரின் முத்திரையிட்ட அதிகாரக் கடிதம் அவர் கையில் இருக்கும்; அவர் ஒப்புக்கொண்டால் அரசரே ஒப்புக்கொண்ட மாதிரி. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் ‘தான் வகுத்துக் கூறுவான்’, ‘கூறியது கூறுவான்’ என்று பிரிப்பாரே, ஏறக்குறைய அதே பிரிவுதான்.

அதனால் பேச்சுவார்த்தையின் முதல் நாள் பெரும்பாலும் அதிகாரக் கடிதங்களைப் பரிசோதிப்பதிலேயே போய்விடும். அதில் சண்டையும் வரும். 1340-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட் தன்னைப் ‘பிரான்ஸ் அரசர்’ என்றும் அழைத்துக்கொள்ளத் தொடங்கினார். அந்தப் பட்டம் எழுதிய கடிதத்தை பிரெஞ்சுக்காரர்கள் கையில் வாங்கினாலே அதை ஏற்றுக்கொண்டதாகிவிடாதா? இந்தச் சிக்கலைத் தாண்ட இரு தரப்பும் மற்றவரை ‘எங்கள் எதிராளி’ என்று எழுதுவது வழக்கமாயிற்று.

யாரை அனுப்புவார்கள்?

பொதுவாக ஒரு பிஷப், ஓரிரு பெரிய பிரபுக்கள், சட்டம் படித்த ஒரு குருமார் அல்லது எழுத்தர். பிஷப்புக்கு மரியாதை, பிரபுவுக்குச் சொல்லின் கனம், சட்டம் படித்தவருக்கு வேலை. வாசகத்தை உண்மையில் எழுதியவர் பெரும்பாலும் மூன்றாமவர்தான். வரலாற்றுப் புத்தகங்களில் முதல் இருவர் பெயர்தான் வரும். எந்த அலுவலகத்திலும் நடப்பதுதானே.

பிரெத்தினியில் என்னதான் நடந்தது?

1356 செப்டம்பர் 19 அன்று புவாத்தியே போரில் பிரான்சின் அரசர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். லண்டனில் வைத்து அவரோடு போட்ட இரண்டாவது ஒப்பந்தத்தை 1359-இல் பிரெஞ்சு மக்களவை நிராகரித்துவிட்டது. கோபப்பட்ட எட்வர்ட் அந்தக் குளிர்காலத்திலேயே பெரும்படையோடு வந்தார். பிரெஞ்சு அரசர்களுக்கு முடிசூட்டும் நகரமான ரைம்ஸை முற்றுகையிட்டார். கதவு திறக்கவில்லை. பாரிஸ் வரை போனார். உள்ளே இருந்த இளவரசர் சார்லஸ் வெளியே வந்து சண்டை போடவே இல்லை. 1360 ஏப்ரல் 13, திங்கள்கிழமை, ஷார்த்ர் நகருக்கு அருகே ஆலங்கட்டி மழையும் இடியும் படையைப் புரட்டிப்போட்டன. ஆட்களும் குதிரைகளும் ஏராளமாக மடிந்தன. அன்று எட்வர்ட் சமாதானத்துக்கு நேர்ந்துகொண்டதாகக் கதை உண்டு. எனக்கென்னவோ, சாப்பாடு தீர்ந்துபோன படைதான் மழையைவிடப் பெரிய காரணமாகப் படுகிறது.

மே 1 அன்று பிரெத்தினி என்ற குக்கிராமத்தில் பேச்சு தொடங்கியது. எட்டே நாளில், மே 8 அன்று முடிந்தது. ஆங்கிலேயர் பக்கம் லங்காஸ்டர் கோமகன் ஹென்றி முக்கியமானவர். பல ஆண்டுகளாகப் போரும் பேச்சும் இரண்டையும் பார்த்த மனிதர். பிரெஞ்சுப் பக்கம் தலைமை தாங்கியவர் போவே மறைமாவட்டத்துக்கு பிஷப்பாகத் தேர்வாகியிருந்த ஜான் தெ தோர்மான். நடுவில் போப் அனுப்பிய மூவர்: குளூனி மடத்தின் தலைவர் அந்திருவான் தெ லா ரோஷ், டொமினிக்கன் சபைத் தலைவர் சிமோன் தெ லாங்ர், ஜெனீவா குடும்பத்து ஹியூ.

எட்வர்டுக்குத் தென்மேற்குப் பிரான்சில் விரிவாக்கப்பட்ட அக்கித்தேன் நிலப்பகுதியும் கலே துறைமுகமும், யாருக்கும் கட்டுப்படாத முழு உரிமையோடு. பதிலுக்கு அவர் பிரெஞ்சு மணிமுடி மீதான கோரிக்கையை விடவேண்டும். அரசரை விடுவிக்க 30 லட்சம் எக்யூ பொற்காசு. எட்டு நாளில் இவ்வளவும் முடிந்ததற்குக் காரணம், முந்தைய லண்டன் ஒப்பந்தங்களில் பாதி வாசகம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததுதான்.

நடுவர்கள் உண்மையிலேயே நடுநிலையாக இருந்தார்களா?

போப்பின் ஆட்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அப்போது போப்பாண்டவர்கள் ரோமில் அல்ல, இன்றைய தென்பிரான்சிலுள்ள அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்களும் பெரும்பாலான கர்தினால்களும் பிரெஞ்சு நிலத்தவர்கள். ஆங்கிலேயர் அதை ஒரு நாளும் மறக்கவில்லை. புவாத்தியே போருக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, கர்தினால் தலெராந் இரண்டு படைகளுக்கும் நடுவே குதிரையில் அலைந்து சமாதானம் பேசினார். பேச்சு பலிக்கவில்லை. அவர் வாங்கித் தந்த அவகாசத்தில் இரு பக்கமும் தன் வரிசையைச் சரிசெய்துகொண்டதுதான் மிச்சம்.

இருந்தாலும் நடுவர் தேவைப்பட்டார். முதலில் இறங்கிப் பேசினால் பலவீனம் என்று எதிரி நினைப்பான். ‘போப் கேட்டுக்கொண்டதால் வந்தோம்’ என்றால் மானம் போகாது.

பெண்கள் இதில் இருந்தார்களா?

நிறையவே. எனக்கு மிகவும் பிடித்தவர் வாலுவா குடும்பத்து ஜான். பிரான்ஸ் அரசர் ஆறாம் பிலிப்பின் சகோதரி, இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மாமியார். கணவர் இறந்தபின் கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்தார். 1340-இல் தூர்னே நகரை எட்வர்ட் முற்றுகையிட்டு இரண்டு படைகளும் முட்டிக்கொண்டு நின்றபோது, அண்ணன் கூடாரத்துக்கும் மருமகன் கூடாரத்துக்கும் போய் வந்து பேசினார். செப்டம்பர் 25 அன்று எஸ்பிளெஷன் என்ற ஊரில் போர்நிறுத்தம் எழுதப்பட்டது. கர்தினால்களால் முடியாததை ஒரு மாமியார் முடித்தார்.

தடுத்து நிறுத்திய பெண்ணும் உண்டு. 1259-இல் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியும் பிரான்சின் ஒன்பதாம் லூயியும் பாரிஸ் ஒப்பந்தம் செய்தார்கள். நார்மண்டி, ஆஞ்சு போன்ற இழந்த நிலங்கள் மீதான உரிமையை ஹென்றி மட்டும் விட்டால் போதாது, அவருடைய உடன்பிறந்தவர்களும் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று லூயி கேட்டார். ஹென்றியின் தங்கை எலினோர் கையெழுத்து வைக்க மறுத்தார். முதல் கணவர் வழியில் தனக்கு வரவேண்டிய சொத்தை அண்ணன் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பது அவருடைய பழைய மனக்குறை. ஒப்பந்தத்தைப் பேசியவர்களில் ஒருவர் சைமன் தெ மோன்ஃபோர்ட், எலினோரின் இரண்டாவது கணவர்! இரண்டு ராஜ்ஜியங்களின் சமாதானம் ஒரு குடும்பச் சொத்துத் தகராறில் மாதக்கணக்கில் தொங்கியது. கடைசியில் ஹென்றிக்குத் தரவேண்டிய பணத்தில் 15,000 மார்க்கை (மார்க் என்பது அன்றைய பணக் கணக்கு) லூயி பிடித்து வைத்துக்கொள்வது என்று பேசி முடித்த பிறகே எலினோர் இறங்கி வந்தார்.

சத்தியம் செய்தால் போதுமா? யார் நம்பினார்கள்?

சத்தியம் நற்செய்தி நூலின் மேலும், புனிதர்களின் எலும்பு போன்ற திருப்பண்டங்களின் மேலும் கைவைத்துச் செய்யப்பட்டது. மீறினால் சபைநீக்கம். அந்த நாட்டிலேயே பூசை நிறுத்தப்படலாம். திருமணம், சவ அடக்கம் எல்லாம் சிக்கலாகும். ‘பயம் காட்டுகிறார்கள்’ என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அரசர்கள் நரகம் உண்டு என்று நம்பியவர்கள்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. சத்தியத்திலிருந்து விடுவிக்கும் அதிகாரமும் திருச்சபையிடமே இருந்தது. 1215 ஜூனில் இங்கிலாந்தின் ஜான் அரசர் தன் பிரபுக்களோடு செய்துகொண்ட மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை ஆகஸ்ட் 24 அன்றே மூன்றாம் இன்னசென்ட் போப் செல்லாது என்று அறிவித்தார். 1420-இல் துருவா ஒப்பந்தத்தில் ஆங்கிலேயரோடு சேர்வதாகச் சத்தியம் செய்த பர்கண்டி கோமகன் பிலிப், 1435-இல் அராஸில் பிரெஞ்சு அரசரோடு சேர்ந்தபோது, அங்கிருந்த இரண்டு கர்தினால்கள் பழைய சத்தியம் கட்டுப்படுத்தாது என்று தீர்த்துவிட்டார்கள். சத்தியத்துக்கு மேல் ஆள் பிணையும் கேட்டது ஏன் என்று இப்போது புரியும்.

பிணை நிற்பவர் என்ன செய்யவேண்டும்?

நம் ஊரில் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள்; தொகை மட்டும் பெரியது. 1101-இல் டோவரில் இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியும் ஃபிளாண்டர்ஸ் பிரபு ராபர்ட்டும் செய்த ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. ஆண்டுக்கு 500 பவுண்டுக்கு, தேவைப்படும்போது 1,000 குதிரை வீரர்கள். இரு தரப்பிலும் பிரபுக்கள் பிணை நின்றார்கள். தலைவன் வாக்குத் தவறினால் இவர்கள் கைப்பணத்தைக் கட்டவேண்டும்.

இதைவிட வேடிக்கையான ஒரு முறையும் உண்டு. வாக்கு தவறினால், பிணை நின்றவர் குறிப்பிட்ட ஊருக்குப் போய், சத்திரத்தில் தன் சொந்தச் செலவில் பரிவாரத்தோடு தங்கவேண்டும். பாக்கி தீரும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது. சாப்பாட்டுச் செலவும் குதிரைத் தீனியும் ஏற ஏற, அவரே தன் தலைவனை நச்சரித்துக் கட்டவைப்பார். ஆளை அடிக்காமலே காரியம் சாதிக்கும் ஏற்பாடு.

மாக்னா கார்ட்டாவில் இது உச்சத்துக்குப் போனது. அதன் பாதுகாப்புப் பிரிவு 25 பிரபுக்களை நியமித்தது. அரசர் மீறினால் அவர்கள் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம். அரசர், அரசி, பிள்ளைகள் மேல் மட்டும் கைவைக்கக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால், சட்டப்படி அரசர் மேல் போர் தொடுக்க ஒரு குழு. அந்த ஆண்டு முடிவதற்குள் உள்நாட்டுப் போர் வந்துவிட்டதில் வியப்பில்லை.

பணயக்கைதிகளைக் கொன்றுவிடுவார்களா?

கொல்ல உரிமை இருந்தது. கொன்றதும் உண்டு. ஆனால் கொன்றால் கையிலிருக்கும் ஒரே பிடியும் போய்விடும் என்பதால் தயங்கினார்கள்.

1152-இல் நியூபரி முற்றுகையில் ஜான் மார்ஷல் என்ற பிரபு தன் சின்ன மகன் வில்லியமை ஸ்டீபன் அரசரிடம் பணயம் வைத்துவிட்டு வாக்கு மீறினார். பையனைத் தூக்கில் போடுவேன் என்று மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளைச் செய்ய சம்மட்டியும் பட்டடையும் தன்னிடம் இருப்பதாகப் பதில் அனுப்பினார். ஸ்டீபனுக்கு மனம் வரவில்லை, பையன் பிழைத்தான். 65 ஆண்டுகளுக்குப் பிறகு, 1217 செப்டம்பரில், சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த கிழவர், படையெடுத்து வந்த பிரெஞ்சு இளவரசர் லூயியை 10,000 மார்க் தருவதாகப் பேசி ஊருக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கிழவர்தான் இந்தப் பையன்.

இன்னொன்று. இங்கிலாந்து அரசர் சிங்கநெஞ்சன் ரிச்சர்டைப் பிடித்துவைத்த ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்ட், ரிச்சர்ட் விடுதலையானபின் மீதி நிபந்தனைகளை நிறைவேற்றாவிட்டால் பணயக்கைதிகளைக் கொல்வேன் என்றார். அதைச் சொல்லிவர அவர் அனுப்பியதே கைதிகளில் ஒருவரான பெத்யூன் பால்ட்வினை. அவர் திரும்புவதற்குள், 1194 டிசம்பரில், லியோபோல்ட் குதிரையிலிருந்து விழுந்து கால் நசுங்கி இறந்தார். ஏற்கெனவே சபைநீக்கம் செய்யப்பட்டிருந்தவர், மரணப்படுக்கையில் மன்னிப்பு வேண்டிக் கைதிகளை விடுவிக்க ஒப்புக்கொண்டார்.

பிரெத்தினிக்குப் பணயமாகப் போனவர்கள் யார்?

இரண்டாம் ஜானின் இரண்டு மகன்கள், ஒரு தம்பி, பூர்போன் கோமகன், இன்னும் பல பெரிய பிரபுக்கள், அப்புறம் பாரிஸ் உள்ளிட்ட நகரங்களின் செல்வந்தக் குடிமக்கள். சிறை என்று கம்பிக்கதவைக் கற்பனை செய்யவேண்டாம். வேட்டை, விருந்து, நடனம் எல்லாம் உண்டு; ஊர் திரும்பத்தான் முடியாது. செலவு அவரவர் கையிலிருந்து. கூசி குடும்பத்து ஆங்கெராந் என்ற இளைஞர் எட்வர்டின் மகள் இசபெல்லாவையே 1365-இல் மணந்து, பெட்ஃபோர்ட் பிரபுவும் ஆனார். பணயக்கைதி மாப்பிள்ளையான கதை! போர் மறுபடி மூண்டபோது எந்தப் பக்கமும் சேராமல் இத்தாலிக்குப் போய்விட்டார்.

அரசரே மறுபடி சிறைக்குப் போனது உண்மையா?

உண்மை. அரசரின் மகன் ஆஞ்சு கோமகன் லூயி, கலேயில் இருந்தபோது சில நாள் வெளியே போய்வர வாக்கின் பேரில் அனுமதி பெற்றார். 1363-இல் அப்படிப் போனவர் இளம் மனைவியைப் பார்த்தார். திரும்பவில்லை. மகன் வாக்குத் தவறியதும், 1364 ஜனவரியில் தந்தை தானாகவே லண்டன் போனார். ஏப்ரல் 8 அன்று சவாய் மாளிகையில் இறந்தார்.

மானத்துக்காகப் போனாரா? பாக்கித் தொகையையும் மற்றக் கைதிகளின் விடுதலையையும் நேரில் பேசி முடிக்கலாம் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. இரண்டும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். தோற்ற அரசர் என்று அவரைக் கேலி செய்பவர்கள் இந்தப் பயணத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

30 லட்சம் எக்யூவும் கட்டப்பட்டதா?

முழுதாக ஒருபோதும் வந்து சேரவில்லை. முதல் தவணை 6 லட்சம். 4 லட்சம் கைக்கு வந்ததும் 1360 அக்டோபரில் அரசரை விட்டுவிட்டார்கள். அதைத் திரட்டவே ஏறக்குறைய 12 வயது மகள் இசபெல்லை மிலானின் விஸ்கோந்தி குடும்பத்துக்கு மணமுடித்து 6 லட்சம் ஃபுளோரின் தங்கக் காசு வாங்கவேண்டியிருந்தது. அரசர் தன் சதையை விற்றார் என்று ஊர் பேசியது. அதே டிசம்பரில், பணச் சீர்திருத்தத்தின் பகுதியாக, குதிரைமேல் வாளோடு அரசர் அமர்ந்திருக்கும் புதிய தங்கக் காசு வந்தது. பெயர் ‘ஃபிராங்க்’. யூரோ வரும்வரை பிரான்சில் புழங்கிய நாணயப் பெயர் இந்த மீட்புத்தொகைக் காலத்தில் பிறந்ததுதான்.

இவ்வளவு பிணை இருந்தும் ஒப்பந்தம் ஏன் முறிந்தது?

ஒரு தள்ளிவைப்பால். அக்டோபர் 24 அன்று கலேயில் ஒப்பந்தத்தை உறுதிசெய்தபோது, ‘நான் மணிமுடிக் கோரிக்கையை விடுகிறேன்’, ‘நான் அக்கித்தேனுக்கு மேலரசர் என்ற மேலுரிமையை விடுகிறேன்’ என்ற இரண்டு வாசகங்களையும் எடுத்துத் தனிக் கடிதத்தில் வைத்தார்கள். நிலங்கள் கைமாறி முடிந்ததும், 1361 நவம்பர் 30-க்குள் புரூஜ் நகரில் பரிமாறிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நிலம் கைமாறுவது இழுத்தது. நாள் கடந்தது. கடிதங்கள் பரிமாறப்படவே இல்லை.

1368-இல் அக்கித்தேனை ஆண்ட எட்வர்டின் மகன் வீட்டு அடுப்புகளை எண்ணி வாங்கும் அடுப்பு வரி போட்டார். அர்மஞாக், அல்ப்ரே பிரபுக்கள் பாரிஸ் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தார்கள். ஜானின் மகன் ஐந்தாம் சார்லஸ் சட்டம் படித்தவர்களைக் கூட்டி யோசனை கேட்டு, ‘மேலுரிமையை நாங்கள் இன்னும் விடவில்லையே’ என்று மனுவை ஏற்றார். 1369-இல் எட்வர்ட் மறுபடி பிரான்ஸ் அரசர் என்ற பட்டத்தைச் சூடினார். நவம்பரில் சார்லஸ் அக்கித்தேனைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தார். பிரெத்தினி பேச்சுக்காரர்கள் பணத்துக்குப் பிணை கேட்டார்கள், ஆளைப் பிணையாகக் கேட்டார்கள். அந்த இரண்டு கடிதங்களுக்கு மட்டும் யாரும் பிணை நிற்கவில்லை.

சமாதானமும் போர்நிறுத்தமும் ஒன்றா?

இல்லை. போர்நிறுத்தம் நாள் குறித்து முடியும். உரிமைக் கேள்விகளை அது தொடாது. அதைக் காக்க எல்லைகளிலும் துறைமுகங்களிலும் காவலர்களை நியமிப்பார்கள். 1414-இல் இங்கிலாந்து, போர்நிறுத்தத்தை மீறி எதிர்நாட்டுக் கப்பலைக் கொள்ளையடிப்பதை அரச துரோகம் என்றே சட்டம் போட்டது. கடலோடிகள் கொதித்தார்கள், பின்னர் அது தளர்த்தப்பட்டது.

அரசர்கள் ஏன் பாலத்தின் நடுவில் சந்தித்தார்கள்?

ஆறு எல்லை, பாலத்தின் நடு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் பாலமும் பத்திரமில்லை. 1419 செப்டம்பர் 10 அன்று மோன்தெரோ பாலத்தில் பர்கண்டி கோமகன் அஞ்சாநெஞ்சன் ஜானை, பேசக் கூப்பிட்ட பிரெஞ்சு இளவரசரின் ஆட்களே வெட்டிக் கொன்றார்கள். நடுவில் வேலி இருந்தது, அதில் கதவும் இருந்தது.

1475 ஆகஸ்ட் 29 அன்று பிக்கினியில் பதினோராம் லூயியும் நான்காம் எட்வர்டும் சந்தித்தபோது லூயி இதை மறக்கவில்லை. சோம் ஆற்றுப் பாலத்தின் குறுக்கே கை நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு மரக்கிராதி; கதவே கிடையாது. போதாததற்கு, ஆலோசகர் பிலிப் தெ கொமின் அன்று அரசரைப் போலவே உடை உடுத்தி நின்றார். கிராதி வழியாகவே இரு அரசர்களும் தழுவிக்கொண்டார்கள்.

லஞ்சம் வாங்கினார்களா?

வெளிப்படையாகவே. பிக்கினியில் எட்வர்டுக்கு உடனடியாக 75,000 கிரவுன், பிறகு ஆண்டுக்கு 50,000. அவருடைய அமைச்சர்களுக்கும் தனித்தனி ஆண்டுத்தொகை. ஹேஸ்டிங்ஸ் பிரபுவிடம் பணம் கொண்டுபோனவர் ரசீது கேட்டார். ‘கொடுப்பதானால் என் சட்டைக் கையில் போடுங்கள், ரசீது எழுதமாட்டேன்’ என்ற பொருளில் பதில் வந்தது. பணம் போய்ச் சேர்ந்தது. ரசீது இல்லை.

1435 அராஸ் பேச்சில் பர்கண்டியின் சான்சலர், அதாவது தலைமை அமைச்சர், நிக்கோலா ரோலேனுக்கும் சக ஆலோசகர்களுக்கும் பிரெஞ்சு அரசர் பெருந்தொகை ஒதுக்கினார். அப்போதைய கண்ணுக்கு இது பாதி லஞ்சம், பாதி உழைப்புக்கான சன்மானம். இந்த ரோலேனை இன்றும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். யான் வான் ஐக் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தீட்டிய ஓவியத்தில், விலையுயர்ந்த அங்கியோடு, ஜெபப் புத்தகம் திறந்திருக்க, மாதாவின் எதிரே முழந்தாளிட்டிருக்கிறார். ஓவியத்தை அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது அடியில் இருந்த முதல் வரைவு தெரிந்தது. அதில் அவர் இடுப்பில் ஒரு பணப்பை தொங்குகிறது. முடிந்த ஓவியத்தில் அது இல்லை.